பின்விளக்கும் கறுப்புப் பூச்சும்

காரைக்குடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் மானகிரி என்றோர் ஊர் உண்டு. செம்மண் நிலம். மழைக்காலம் நீங்கலாக மற்றக் காலங்களில் அந்த மண் புழுதியாக எழுந்து, மரத்தின்மேலும் மதிலின்மேலும் மெல்லிய போர்வையாகப் படிந்துவிடும். ஊர் உறங்கினாலும் சாலை உறங்குவதில்லை. அவ்வூரில் என் தமக்கையின் பேரன் ஒருவன் வசிக்கிறான். பட்டம் பெற்று வேலைக்குச் சென்று, தன் ஊதியத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நான் அங்கே சென்றபோது, அவன் காரின் பின்புறத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். கையில் வண்ணம் தெளிக்கும் தகரக் குப்பி ஒன்று. பக்கத்தில் உப்புத்தாளும் பழந்துணியும் கிடந்தன. இடப்புறத்துப் பின்விளக்கு கரிய நிறம் பெற்றுப் பளபளத்தது. வலப்புறத்து விளக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"எப்படி இருக்கிறது, ஐயா?" என்று கேட்டான். எங்கள் பக்கத்தில் பாட்டனாரை ஐயா என்று அழைப்பதே வழக்கம்.

"எதற்காக இது?"

"ஸ்மோக் செய்கிறேன். இப்போது எல்லோரும் இப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். கடையில் கொடுத்தால் செலவு அதிகம். வீட்டிலேயே செய்துவிடலாம்" என்றான்.

நாற்பது ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான். கண்டித்துப் பேச எனக்கு ஆயிரம் சொற்கள் கிடைத்திருக்கும். ஆனால் இளைஞர்கள் கண்டிப்பைப் பணிவோடு கேட்டுக்கொண்டு, தாம் நினைத்ததையே செய்வார்கள் என்பதையும் அந்த நாற்பது ஆண்டுகளே எனக்குக் கற்பித்திருந்தன. ஆகையால், "அடுத்த விளக்கை இன்று தொடாதே. ஒன்று கறுப்பாகவும் மற்றது சிவப்பாகவும் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. இருவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்து பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். மாணவ நண்பர்களே, அன்று பிற்பகல் முதல் இரவு வரை நாங்கள் கண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவன் செய்த வேலை கடினமானதன்று. விளக்கின் மூடியைச் சோப்பு நீரால் கழுவி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஒளி ஊடுருவக்கூடிய கறுப்பு வண்ணத்தை மெல்லிய படலங்களாகத் தெளிப்பது ஒரு முறை. புகைநிறத்து ஃபிலிமைச் சூட்டுக் காற்றால் இளக்கி, விளக்கின் வளைவுகளுக்கு ஏற்ப இழுத்து ஒட்டுவது மற்றொரு முறை. இரண்டுக்கும் பொறுமை வேண்டும். அறிவு பெரிதும் வேண்டியதில்லை. பூசி முடித்ததும் கார் ஒரு புது மிடுக்கோடு நிற்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. அழகாகவே இருந்தது.

கறுப்புப் பூச்சு என்ன செய்கிறது என்பதை அறிய வேண்டுமானால், முதலில் சிவப்பு மூடி என்ன செய்கிறது என்பதை அறிய வேண்டும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்கள் அங்குள்ள வண்ணக் கண்ணாடிகளை மறக்க மாட்டார்கள். கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் மேலே சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடிகள் பதித்திருப்பார்கள். காலை வெயில் அவற்றின் வழியே இறங்கித் தரையில் வண்ணக் கோலமிடும். சிறுவயதில் அந்தச் சிவப்பு ஒளியில் கையை நீட்டி, கண்ணாடி என் கைக்குச் சாயம் பூசுகிறது என்றே நான் நம்பினேன். கண்ணாடி வெயிலுக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது என்பது குழந்தையின் எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது. கண்ணாடி கொடுப்பதில்லை, எடுத்துக்கொள்கிறது.

வெள்ளொளியில் எல்லா வண்ணங்களும் அடங்கியிருக்கின்றன என்பதை நியூட்டன் முப்பட்டைக் கண்ணாடியைக் கொண்டு ஆராய்ந்து, 1672ஆம் ஆண்டில் அந்த ஆராய்ச்சியை வெளியிட்டார். சிவப்புக் கண்ணாடி அவ்வண்ணங்களுள் சிவப்பை மட்டும் வெளியே விட்டு, ஏனையவற்றை விழுங்கிவிடுகிறது. நம்பாதவர்கள் சிவப்புத் துண்டு ஒன்றையும் பச்சைத் துண்டு ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். இரண்டு வண்ணங்களும் கூடி இன்னொரு வண்ணம் பிறப்பதில்லை. ஏறக்குறைய இருளே மிஞ்சும். முன்னாளில் பொன்னையும் செம்பையும் சேர்த்துச் சிவப்புக் கண்ணாடி செய்தார்கள். பின்னர் செலினியம் சேர்த்துச் செய்தார்கள். இன்று காரின் பின்விளக்கு மூடி அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. பொருள் மாறினாலும் செயல் ஒன்றே. உள்ளே எரியும் பல்பின் வெள்ளொளியில் பெரும்பகுதியை அந்த மூடி முன்னமே எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சிய சிறுபகுதிதான் பின்னால் வருபவனுக்கு உரியது. கறுப்புப் பூச்சு அந்தச் சிறுபகுதியில் கை வைக்கிறது.

முதல் சோதனையை வெயில் மங்குவதற்கு முன்பே செய்தோம். கார் ஒரு கிளைச் சாலையில் கிழக்குப் பார்த்துப் பின்புறம் வெயில் படும்படி நின்றது. அவனுடைய தங்கை காருக்குள் அமர்ந்து பிரேக்கை மிதித்தும் விட்டும் கொண்டிருந்தாள். நாங்கள் முப்பது அடி தள்ளி நின்றோம். வலப்புறத்து விளக்கு, வெயிலிலும், ஒவ்வொரு மிதிக்கும் கண் திறந்து மூடுவதுபோல் தெரிந்தது. இடப்புறத்தில் பளபளப்பான கறுப்பு மூடியில் வானமும் மரமும் பிரதிபலித்தன. அந்தப் பிரதிபலிப்புக்கு அடியில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. "இன்னும் மிதிக்கவில்லையா?" என்று அவன் உரக்கக் கேட்டான். "மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அண்ணா" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

இருட்டிய பிறகு அவனுக்குச் சற்றே தைரியம் பிறந்தது. காரணம், இருளில் கறுப்புப் பூசிய விளக்கும் தெரிந்தது. "பார்த்தீர்களா ஐயா? தெரிகிறதே!" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. இருண்ட சாலையில், மழையும் எதிர்வண்டியும் இல்லாத வேளையில், மிகச் சிறிய ஒளியையும் நம் கண் கண்டுகொள்ளும். ஆனால் பின்விளக்கு தெரிகிறதா என்பது மட்டும் கேள்வியன்று. அது என்ன சொல்கிறது என்பது விளங்குகிறதா என்பதே கேள்வி.

காரின் பின்விளக்கு ஒரே விளக்கன்று. சாதாரணமாக எரியும் பின்விளக்கு ஒன்று. பிரேக்கை மிதித்தால் எரியும் விளக்கு மற்றொன்று. பழைய கார்கள் பலவற்றில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். ஓர் இழை 5 வாட். மற்றது 21 வாட். "நான் போகிறேன்" என்பதைச் சிறிய இழை சொல்கிறது; "நான் நிற்கப் போகிறேன்" என்பதைப் பெரிய இழை சொல்கிறது. இரண்டுக்கும் நிறம் ஒன்றே. வேறுபாடு ஒளியின் அளவில் மட்டுமே உண்டு. இப்போது என் பேரனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இரண்டு விளக்குகளையும் மாறி மாறித் துணியால் மறைத்து, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் காட்டி, "இது ஓடும் வண்டியா, நிற்கும் வண்டியா?" என்று கேட்டேன். சிவப்பு விளக்கைப் பார்த்து அவன் ஒருமுறைகூடத் தவறவில்லை. கறுப்பு விளக்கில் இரண்டு முறை தவறினான். பூச்சு ஒளியைக் குறைத்துவிட்டதால், அதன் பிரேக் ஒளி மறுபக்கத்துச் சாதாரணப் பின்விளக்கைவிடச் சிறிதே கூடியதாக இருந்தது. நிற்கப் போகிறேன் என்ற சொல், போகிறேன் என்று அவன் காதில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கெடுதியும் உண்டு. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். இரண்டு மடங்கு தூரத்தில் கால் பங்கு ஒளியே கண்ணில் விழும். இதை மறுபுறமாகத் திருப்பிப் பாருங்கள். நான்கில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் பூச்சுடைய விளக்கு 100 மீட்டரில் இருக்கும்போது, பூச்சில்லாத விளக்கு 200 மீட்டரில் இருப்பதுபோல் ஒளி தரும். இரவில் பின்னால் வருபவன் விளக்கின் பிரகாசத்தையும், இரண்டு விளக்குகளுக்கு இடையேயுள்ள அகலத்தையும் கொண்டே தூரத்தை மதிப்பிடுகிறான். பிரகாசம் பொய் சொன்னால் அவனுடைய மதிப்பும் பொய்யாகும். ஒரு பக்கம் மட்டும் பூசியிருந்தாலோ, காரை மோட்டார் சைக்கிள் என்றே எண்ணிவிடலாம்.

கணக்கை இன்னும் கொஞ்சம் தொடர்வோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். ஆபத்தைக் கண்டு, அதை உணர்ந்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி ஆகுமெனக் கொண்டால், அதற்குள் வண்டி 30 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் அது நிற்பதற்கு மேலும் ஏறக்குறைய 30 மீட்டர் வேண்டும். ஈரச் சாலையில் இன்னும் கூடுதலாக வேண்டும். முன்வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று ஐயுற்று அரை நொடி தயங்கினாலே 10 மீட்டர் போயிற்று. இரண்டு கார்களின் நீளத்துக்கும் மேல் அது. இந்தத் தயக்கத்தைக் குறைப்பதற்காக உலகெங்கும் பொறியியலறிஞர்கள் உழைத்திருக்கிறார்கள். பிரேக்கை மிதித்ததும் பழைய இழைபல்பு முழு ஒளி பெற ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி தாமதிக்கும், எல்.இ.டி. விளக்கில் அந்தத் தாமதம் இல்லையென்றே சொல்லலாம். பின்கண்ணாடியின் நடுவே உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு ஒன்றையும் வைத்தார்கள். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதற்கொண்டு அது கட்டாயமாயிற்று. ஐந்தில் ஒரு நொடியைச் சேமிக்க இவ்வளவு பாடு. அந்தச் சேமிப்பை ஒரு குப்பி வண்ணத்தில் செலவழித்துவிட்டால் எப்படி?

"ஆனால் சில புதிய கார்கள் தொழிற்சாலையிலிருந்தே கறுப்பு விளக்கோடு வருகின்றனவே?" என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. மூடி கறுப்பாக இருக்கும் என்று முன்னரே தெரிந்து, அதற்கு ஈடாக உள்ளே வலிய ஒளியை அமைத்து, பின்பு அளந்து பார்த்து ஒப்புதல் பெற்று விற்கிறார்கள். நம் நாட்டில் புனேயிலுள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனை நிலையங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. உள்ளே பழைய பல்பை வைத்துக்கொண்டு வெளியே கறுப்பைப் பூசுவது, கண் மங்கியவனுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிவிப்பதற்கு ஒப்பானது.

அடுத்து நான் கைவிளக்கை எடுத்துக்கொண்டு சற்றுத் தூரம் நடந்தேன். காரின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடச் சொன்னேன். கைவிளக்கை என் கண்ணுக்கு அருகே பிடித்துக் காரை நோக்கி அடித்தேன். வலப்புறத்து விளக்கின் ஒரு மூலை நெருப்புத் துண்டுபோல் ஒளிர்ந்தது. இடப்புறத்தில் ஒன்றுமில்லை. வெறும் இருட்டு.

அந்த மூலையில் இருப்பது ஒளி திருப்பி. ரிஃப்ளெக்டர் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அறையின் மூலையில் மூன்று பரப்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கூடுகின்றன அல்லவா? அப்படிப்பட்ட சின்னஞ்சிறு மூலைகள் பல அந்த மூடிக்குள் வரிசையாக வார்க்கப்பட்டிருக்கின்றன. எந்தத் திசையிலிருந்து ஒளி வந்து விழுந்தாலும், மூன்று பரப்புகளிலும் பட்டு, வந்த திசைக்கே அது திரும்பும். 1969ஆம் ஆண்டில் அப்பல்லோ 11இல் சென்றவர்கள் சந்திரன்மேல் வைத்துவிட்டு வந்த ஒளி திருப்பியும் இதே தத்துவத்தில் அமைந்ததே. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளியை அது பூமிக்கே திருப்பியனுப்புகிறது. காரில் இதன் பயன் என்னவென்றால், மின்கலம் செத்து, விளக்கெல்லாம் அணைந்து, வண்டி சாலையோரத்தில் நின்றுவிட்டாலும், பின்னால் வருபவனுடைய விளக்கொளியையே வாங்கி அவனுக்கு எச்சரிக்கையாகத் திருப்பித் தரும். எரிபொருள் வேண்டாத காவற்காரன். இதன்மேல் பூச்சுப் பூசினால், ஒளி உள்ளே போகும்போது ஒருமுறையும் வெளியே வரும்போது மற்றொரு முறையும் பூச்சைக் கடக்க வேண்டும். பாதி ஒளியை விடும் பூச்சில், பல்பின் ஒளி பாதியாகிறது; ஒளி திருப்பியின் ஒளியோ கால் பங்காகிறது. கால் பங்கை விடும் பூச்சானால் பதினாறில் ஒன்றே மிஞ்சும். என் பேரன் கைவிளக்கை வாங்கித் தானே மூன்று முறை அடித்துப் பார்த்தான். அதன்பின் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மழையில், திருப்பத்தூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். சாலையோரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. அதன் பின்விளக்குகளின்மேல் சேறு அப்பியிருந்தது. எதிரே வந்த பேருந்தின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. லாரியை நான் கண்டபோது அது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முழங்காலோடு போயிற்று, இன்றும் படியேறும்போது இடக்கால் அந்த இரவை நினைவூட்டுகிறது. அந்த ஓட்டுநர் தன் விளக்கைக் கறுப்பாக்க விரும்பியவரல்லர். சேறு அவரைக் கேட்காமல் பூசிவிட்டது.

இனி, சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பின்விளக்குக்குச் சிவப்பை ஏன் தேர்ந்தார்கள் என்று கேட்டால், சிவப்பு ஒளி காற்றில் குறைவாகச் சிதறும் என்று பாடநூல் விடை சொல்லும். ராலே கண்ட விதிப்படி, சிதறல் அலைநீளத்தின் நான்காம் மடிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பைவிட 450 நானோமீட்டர் நீலம் நான்கு மடங்குக்கு மேல் சிதறும். வானம் நீலமாக இருப்பதும் இதனாலேயே. கடல் நீலமாக இருப்பதற்கு நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதும் காரணம் என்று காட்டியவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சர் சி. வி. இராமன். ஆயினும் இந்தப் பாடநூல் விடையை நான் முழுவதும் ஒப்புவதில்லை. பனிமூட்டத்திலும் மழையிலும் உள்ள நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. அவை எல்லா வண்ணங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறச் செய்யும். மேகம் வெண்மையாக இருப்பதே சான்று. பனியில் சிவப்பு மட்டும் மாயமாக ஊடுருவிச் செல்லும் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது.

சிவப்பு நிலைபெற்றதற்கு வழக்கமும் ஒரு காரணம். தொடக்க கால ரயில்வேக்களில் சிவப்பு அபாயத்துக்கும், பச்சை எச்சரிக்கைக்கும், வெண்மை வழி உண்டு என்பதற்கும் அறிகுறிகளாக இருந்தன. வீட்டு விளக்கும் வெள்ளை, வழிவிடும் விளக்கும் வெள்ளை என்றால் குழப்பந்தானே? மேலும், சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால், அபாய விளக்கே வெள்ளையாகி, வா என்று அழைத்துவிடும். ஆகவே வெண்மையைக் கைவிட்டுப் பச்சையை வழிக்கு வைத்தார்கள். சிவப்பை மட்டும் எவரும் மாற்றவில்லை. ரயிலின் கடைசிப் பெட்டியிலும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது, நடுவில் எந்தப் பெட்டியும் கழன்று நின்றுவிடவில்லை என்பதற்கு நிலையத்தார் அதையும் ஓர் அடையாளமாகக் கொள்கிறார்கள்.

இவற்றைவிட நுட்பமான காரணம் நம் கண்ணுக்குள் இருக்கிறது. மாலையில் உங்கள் வீட்டுச் செம்பருத்திச் செடியின் அருகே போய் நில்லுங்கள். வெளிச்சம் குறையக் குறைய, பகலில் பளிச்சென்றிருந்த செம்மலர் முதலில் கறுத்துப் போகும். இலைகளோ இன்னும் சிறிது நேரம் வெளிறிய தோற்றத்தோடு தெரியும். இதைக் கண்டு எழுதியவர் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். விழித்திரையில் கூம்பு அணுக்கள், கோல் அணுக்கள் என இருவகை உண்டு. மங்கிய ஒளியில் நமக்குத் துணை நிற்பவை கோல்கள். அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையப் புலப்படாது. இதில் ஒரு நன்மை இருக்கிறது. முன்வண்டியின் சிவப்பு ஒளி, பின்னால் வருபவனுடைய இரவுப் பார்வையைக் கெடுப்பதில்லை. அவன் இருண்ட சாலையோரத்தையும் தொடர்ந்து பார்க்க முடிகிறது. ஒரு தீமையும் இருக்கிறது. சிவப்பைக் காண்பது கூம்புகளின் பொறுப்பு. கூம்புகளுக்கு ஓரளவு வலிய ஒளி வேண்டும். வெள்ளை விளக்கு மங்கினால் கோல்களாவது கைகொடுக்கும். சிவப்பு விளக்கு மங்கினால் துணைக்கு வருவார் இல்லை. மங்கலாக்குவதற்குச் சற்றும் ஏற்காத நிறம் ஒன்று உண்டென்றால் அது சிவப்பே.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இரவில் காரின் பின்புறத்துச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். பாதி ஒளியை விடும் பூச்சைப் பூசினால், 155 மீட்டரில் கிடைத்த அதே அளவு ஒளி கண்ணில் விழுவதற்கு ஏறக்குறைய 110 மீட்டருக்கு நெருங்கி வரவேண்டும். கால் பங்கை விடும் பூச்சானால் 78 மீட்டருக்குள் வரவேண்டும். பதிவான வண்டியின் அமைப்பை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளின்மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. அது சன்னல்களைப் பற்றிய தீர்ப்பு, விளக்கைப் பற்றியதன்று. என் பேரன் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, "சன்னலுக்குத்தானே தடை?" என்று ஒரு வழி தேடினான். விளக்குக்குத் தனி விதியே இருக்கிறது என்று சொன்னேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருப்பதைத் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் தமக்கை, "உன் தாத்தாவுடைய அப்பச்சி மாட்டுவண்டி கட்டினால், அச்சுக்கு அடியில் அரிக்கேன் விளக்கைக் கட்டாமல் ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்" என்றார். "அதில் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. புகை படிந்திருந்தால் ஏசுவார்." எண்பது வயதைக் கடந்தவருக்கு அந்த ஏச்சு இன்னும் நினைவிருக்கிறது. அவர் துடைத்த புகையைத்தான் இவன் விலை கொடுத்து வாங்கிப் பூசியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது, வாய்விட்டுச் சொல்லவில்லை.

சாலை என்றால் கார்களுக்கு மட்டும் உரியதன்று. தைப்பூசத்துக்கு எங்கள் பகுதியிலிருந்து காவடியோடு குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடந்து செல்லும் கூட்டத்தை நீங்கள் கண்டிருக்கலாம். வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும் நடப்பார்கள். அண்மை ஆண்டுகளில் இத்தகைய யாத்திரிகர்களின் பைகளிலும் கைத்தடிகளிலும் ஒளி திருப்பும் ஒட்டுகளைக் காவல்துறையினர் ஒட்டிவிடுகிறார்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பெட்டிகளிலும் சிவப்புப் பட்டைகளைப் பார்க்கிறோம். விளக்கே இல்லாதவர்கள் ஓர் ஒளித்துண்டைத் தேடிப் பெற்று உடம்பில் ஒட்டிக்கொள்கிறார்கள்.

மறுநாள் பூச்சை நீக்கும் வேலை தொடங்கியது. அங்கே அவன் ஒரு தவறு செய்தான். அவசரத்தில் தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தான். பூச்சு போயிற்று, கூடவே மூடியின் மேற்பரப்பில் சிலந்தி வலைபோல் நுண்ணிய வெடிப்புகள் தோன்றின. அக்ரிலிக்குக்குத் தின்னர், பெட்ரோல் போன்ற கரைப்பான்கள் ஆகா. ஃபிலிம் ஒட்டியிருந்தால் மெல்லச் சூடேற்றி உரித்திருக்கலாம். வண்ணமானால், நீரில் நனைத்த உப்புத்தாளால், முதலில் சற்றுச் சொரசொரப்பானதாலும் பிறகு மிக நுண்ணியதாலும் தேய்த்து, இறுதியில் பாலிஷ் பசையிட்டு மெருகேற்ற வேண்டும். நாட்பட்டு மங்கிப்போன மூடிக்கும் இதுவே மருத்துவம். புழுதி படிந்த மூடிக்கு அதுகூட வேண்டாம். சோப்பு நீரும் ஈரத் துணியும் போதும். எங்கள் செம்மண் சாலைகளில் வாரம் ஒருமுறையாவது அது தேவைப்படுகிறது.

வெடித்த மூடிக்குப் பதிலாகக் காரைக்குடியில் புது மூடி வாங்கிப் பொருத்தினோம். பொருத்திப் பார்த்தால், வலப்புறத்துப் பழைய மூடி அதன் பக்கத்தில் வெளிறித் தோன்றியது. பல ஆண்டு வெயில் அதன் சிவப்பை உறிஞ்சிவிட்டிருந்தது. நாள்தோறும் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை. அதையும் மாற்றும்படி ஆயிற்று. வீட்டிலேயே செய்து மிச்சம் பிடிக்க எண்ணியவனுக்கு இரண்டு மூடிகளின் விலை செலவாயிற்று. குப்பியில் மீதியிருந்த கறுப்பு வண்ணத்தை, நாலைந்து முறை தெளித்து, தோட்டத்து இரும்புக் கதவுக்கு அடித்துத் தீர்த்தான். அங்கே அது நன்றாகவே இருக்கிறது.